சாவு வண்டியில் மிஞ்சிய சரவெடி

என் கணவர் சாவு வண்டி ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்தபோது "டிராவல்ஸ் வெச்சிருக்கார்" என்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஏறினவர்கள் திரும்பி வராத டிராவல்ஸ், அவ்வளவுதான். வேங்கிக்காலில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் வண்டி நிற்கும். தெருவில் யாரும் அந்தப் பக்கம் துணிகூடக் காயப்போட மாட்டார்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

எங்கள் பக்கம் வயதானவர் இறந்தால் வழிநெடுக வெடி போட்டுக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போவார்கள். மிஞ்சின சரத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சாவுக்கு வாங்கியது வாசலைத் தாண்டக் கூடாது. "வண்டிலயே வெச்சிருங்கண்ணே, அடுத்தவங்களுக்கு ஆவும்" என்று இவரிடம் நீட்டிவிடுவார்கள். அந்த அடுத்தவர்களோ தங்கள் அப்பாவுக்குப் புதுச் சரம்தான் வாங்குவார்கள். இவருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, குப்பையில் போட மனசும் வராது. பிணம் வைக்கும் ஸ்டீல் மேடைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் திணித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, அது வெடிமருந்துங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"எல்லாம் நமுத்துப் போச்சும்மா. பத்த வெச்சாலும் புஸ்ஸுனுதான் போவும்."

நமுக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சாவுக்கும் பிறகு மேடையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவார். அது சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள்தான் இறங்கும். அந்த ஐப்பசியில் மழையும் சேர்ந்துகொண்டது.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு காலை. சாப்பிட உட்கார்ந்தவர் இட்லியைத் தொடவே இல்லை.

"வண்டில யாரோ இருக்காங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளாக உள்ளே மூத்திர நாற்றமாம். பூனை என்று நினைத்துக் கழுவினாராம். கழுவக் கழுவ நாற்றம் ஜாஸ்தியாகிறதாம்.

"இன்னைக்கு மேடையைத் துடைக்கக் கை வெச்சேன், கதகதன்னு இருக்குது. இப்பதான் யாரோ படுத்து எழுந்து போன மாதிரி. அடியில நகத்தால தட்டுற சத்தம் வேற."

பத்து மணிக்கு அடி அண்ணாமலையில் ஒரு அம்மாவின் உடலை ஏற்ற வேண்டும். இரண்டு மகள்களும் வண்டியிலேயே உடன் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மேடை மேல் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுந்து போனார். எச்சில் கையைக் கழுவிக்கொண்டு நானும் பின்னால் போனேன். கேலி செய்யத்தான் போனேன்.

தூறல் விட்டிருந்தது. அவர் முன்பக்கம் நின்று கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பின்கதவைத் திறந்தேன். மூக்கில் அறைந்தது போல நெடி. கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளங்கையை மேடையில் வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. அடியிலிருந்து டிக், சற்று நின்று, டிக். சொன்னால் வெட்கம், அந்த ஒரு நொடி நானும் நம்பிவிட்டேன். அங்கே யாரோ படுத்திருக்கிறார்கள், நான் கை வைத்தது அவர்கள் மேல்தான் என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பிறகுதான் மூக்குக்கு அடையாளம் தெரிந்தது. பூனையும் இல்லை, யாரும் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் நான் மூன்று வருடம் சுவாசித்த அமோனியா.

பட்டாசு மருந்தில் வெடியுப்பும் அலுமினியத் தூளும் கந்தகமும் இருக்கும். காய்ந்திருக்கிறவரை ஒன்று மற்றதன் வம்புக்குப் போகாது. லேசாக ஈரம் பட்டால் போதும், அலுமினியம் வெடியுப்பைத் தின்ன ஆரம்பிக்கும். அமோனியா வரும், சூடு வரும். மூடின பெட்டியில் சூடு போக வழி இல்லை, தகரம் விரிந்து டிக் டிக்கென்று தட்டும். சூடு ஏற ஏற வேகமும் ஏறும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே என் கணவர் தீப்பெட்டியோடு வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். கற்பூரம் சேற்றில் விழுந்தது. "ஓடுங்க, ஓடுங்க" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை. தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போய்த் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டேன்.

"ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேம்மா. வண்டி போச்சுன்னா பொழப்பே போச்சு" என்று திமிறினார்.

மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆரம்பத்திலேயே ஒரு டிரம் தண்ணீரில் மொத்தத்தையும் முக்கி ஊறப்போட்டிருந்தால் ஆபத்தே இல்லை. இவ்வளவு சூடான பிறகு கிட்டேயே போகக் கூடாது. இது எனக்கு அன்றைக்குத்தானா தெரியும்? தெரிந்தும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, ஒருநாள்கூட அந்தப் பெட்டியை இழுத்து வெளியே வைக்கவில்லை. சாவுக்கு வாங்கியதைத் தொட எனக்கும் மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் ஒரே ஒரு வெடி. பிறகு மூச்சு விடுகிற நேரம் அமைதி. அப்புறம் எத்தனையோ ஊர்வலங்களில் மிஞ்சினது எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வெடித்தது. பின்கதவு பிய்ந்து மனைக்கு நடுவில் போய் விழுந்தது. மேடை கூரையைக் கிழித்துக்கொண்டு நின்றது. மழை ஈரத்தில் புகை மேலே போகாமல் தெருவோடு ஊர்ந்து வந்தது.

அந்தச் சத்தம் எங்கள் தெருவுக்குப் பழகின சத்தம். சாவு வண்டி, சரவெடி, புகை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். சிலர் வண்டி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் அதற்குள் துக்கம் வந்திருந்தது.

"யாரும்மா? எப்போ தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கைக்குள் என் கணவரின் மணிக்கட்டு துடித்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னைக்கு யாரும் இல்லைங்க" என்றுதான் வந்தது.