புரட்டாசிக் கீரை

நேற்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டுத் தண்டுக்கீரை வாங்கினேன். கீரையை மூன்று முறை அலசுவது என் பழக்கம். முதல் முறை ஊற்றிய தண்ணீரே தெளிவாக நின்றது. மண் இல்லை, மணமும் இல்லை. ஏதோ ஒரு கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் மண்ணே இல்லாமல் வளர்த்ததாம். கடைக்காரப் பெண் பெருமையாகத்தான் சொன்னாள். சுத்தமான கீரையைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கீரை என்றால் சேறு. முன்பு இதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் காய்கறி வாங்கிப்போடும் வேலை பார்த்தேன். காலையில், எங்களுக்குக் கீரை பயிரிட்டுக் கொடுக்கும் சவரி அண்ணனின் வேன் பின்வாசலில் வந்து நிற்கும். கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் டீசலும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். டெங்கில் பக்கம், ஈயம் தோண்டிவிட்டுப் போன மணல் நிலத்தில் எட்டுப் பாத்தி போட்டிருந்தார்.

சவரி அண்ணன் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் எங்கள் புரட்டாசியில் அவர் வீட்டிலும் கவிச்சி கிடையாது. ஒருமுறை கேட்டேன். "நீங்கல்லாம் சைவமா இருக்கறப்ப நான் மட்டும் மீன் பொரிச்சா, என் கீரைய யாரு தங்கச்சி நம்பி வாங்குவா?" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னதா, மனசாரச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த மாதம் எங்கள் கடையில் முழுச் சைவம்தான். கூட்டம் தாங்காது. முதல் வாரத்திலேயே கீரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். ஒரு வருடம் எனக்குச் சம்பளம் உயர்ந்து, கூடவே தலைக்கனமும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. சவரி அண்ணன் எப்போதும் நாலு நாளுக்கு ஒரு பாத்தியாக விதைப்பவர். ஒன்று போனாலும் ஒன்று நிற்குமே என்பது அவர் கணக்கு. நான் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே போனேன். எட்டுப் பாத்தியையும் ஒரே நாளில் விதையுங்கள், முதல் வாரத்துக்கே எல்லாம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அவர் வானத்தைப் பார்த்தால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு மழை வருமா, வந்தால் எத்தனை நேரம் பெய்யும் என்று பட்டென்று சொல்லிவிடுவார். "இது காய்ச்சல் மாசம், மழ இருக்காது. ஒண்ணும் ஆவாது லா" என்று தலையாட்டினார்.

புரட்டாசிக்கு ஐந்து நாள் இருக்கையில் மழை பிடித்தது. இரவு பகலாக மூன்று நாள். பக்கத்து ஆற்றுத் தண்ணீர் பாத்திக்குள் புகுந்து வடியாமல் நின்றது. அது வடிந்தபின் கொளுத்திய வெயிலில் மிச்சமும் வெந்து அழுகியது. நான் போய்ப் பார்த்தபோது எட்டுப் பாத்தியும் ஒரே நிறத்தில் கிடந்தன.

"வானம் பண்ணுனதுக்கு நீ என்னா பண்ணுவ தங்கச்சி" என்றார்.

வானம்தான் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். எட்டையும் ஒரே நாளில் விதைக்கச் சொன்னது நானல்லவா? அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பருவநிலை மாற்றம் என்று பேப்பரில் வரும் பேச்சுக்கும் என் நோட்டுப் புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? மறு வருடம் பழையபடி நாலு நாளுக்கு ஒன்றாகவே விதைத்தார். மழையே இல்லாமல் குட்டை வற்றி எல்லாம் கருகியது. அதற்கடுத்த வருடம் மறுபடியும் வெள்ளம். பிறகு நிலத்தை விட்டுவிட்டார்.

இப்போது சுபாங் ஜெயாவில் என் அக்கா இருக்கும் அடுக்குமாடியில் சவரி அண்ணன்தான் காவலாளி. போன வாரம் அங்கே போயிருந்தேன். பிற்பகல், மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பேச்சுக்குத்தான் கேட்டேன், மழை வருமா அண்ணே என்று. அவர் கூண்டை விட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"தெரியல, தங்கச்சி."

இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.