டெய்சியும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

இந்த அமெரிக்க ஊரில் நாயைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறார்கள். பிளானோவில் எங்கள் ஆபீஸ் லிஃப்டில் ஏறுகிறவர்கள் என் காலடியில் உட்கார்ந்திருக்கும் டெய்சியைப் பார்ப்பார்கள். அதன் முதுகில் கட்டிய சிவப்புத் துணியில் 'சர்வீஸ் டாக்', அதாவது உதவி நாய், என்று இருப்பதைப் படித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். முதல் வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எனக்குக் கண் தெரியாது என்று நினைத்து, முழங்கையைப் பிடித்துப் படியிறக்கி, பார்க்கிங் வரை கொண்டுவந்து விட்டார். விளக்கம் சொல்வதைவிடக் கண் தெரியாதவளாகவே இருந்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பிறகு நான் காரைத் திறந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, பாவம், அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மனிதர்கள்தான் பயம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் மூச்சு முட்டும், உள்ளங்கை நனையும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஈரோட்டில் இதற்குக் கூச்சம் என்று பெயர். காலேஜில் வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் மயங்கி விழுந்தேன். அதையே அப்பா பெண் பார்க்க வந்தவர்களிடம் அடக்கத்துக்குச் சாட்சியாகச் சொன்னார். அங்கே பெருமையாக இருந்தது இங்கே வேலையில் குறையாகிவிட்டது. இரண்டாயிரம் பிறக்கும் முன் பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷத்தை நான்காக மாற்றும் ஒய்டுகே வேலை, யாரோடும் பேச வேண்டியதில்லை என்றுதான் எடுத்தேன். ஆனாலும் வாராவாரம் மீட்டிங் இருந்தது. அதற்கு முன்னால் பாத்ரூமில் வாந்தி எடுப்பேன். டாக்டர் அதற்கு சோஷியல் ஆங்ஸைட்டி என்று பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அது போதாமல் போனபோது, பார்வையற்றவர்களுக்கு நாய் பழக்கிய ஒரு அம்மாளிடம் அனுப்பினார். அவர் அப்போதுதான் என்னைப் போன்றவர்களுக்கும் பழக்க ஆரம்பித்திருந்தார். என் மூச்சு மாறினால் டெய்சி மூக்கால் உள்ளங்கையை இடிக்கும், முழு எடையோடு முழங்காலில் சாய்ந்துகொள்ளும். அந்தக் கனம் இருந்தால் என்னால் வரிசையில் நிற்க முடிந்தது.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரங்கசாமி அங்கிளின் ஹோட்டலுக்குப் போனேன். ஸ்ட்ரிப் மால் என்கிற வரிசைக் கடைகளில், மளிகைக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. இங்குள்ள தமிழர்களின் பண்டிகை விழாக்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். வாசலிலேயே மறித்தார்.

"நாயை கார்ல விட்டுட்டு வாம்மா. இது சாப்பிடற எடம்."

"சர்வீஸ் டாக் அங்கிள். டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

"ஒனக்குத்தான் கண்ணு தெரியுதே? எந்த டாக்டர்?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பொய் சொல்லத் தோன்றவில்லை. மனநல டாக்டர் என்றேன்.

"மெண்டல்னா வீட்லயே இருக்க வேண்டியதுதானே? எதுக்கு வெளிய வந்து எல்லாரையும் டிஸ்டர்ப் பண்றே?" என்றார், கடைசி மேசைக்கும் கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள். "கண்ணு, நீ நாயப் புடிச்சுட்டுத் திரியறயாமா? பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறயாமா?" தங்கை உமாவுக்குப் பேசி முடித்திருந்த கோபியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அங்கிளின் மனைவிக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம். அந்த ஆன்ட்டி போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். போனை வைத்ததும் டெலிபோன் புத்தகத்தை எடுத்து வக்கீல்கள் பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவு கோபம் எனக்குள் இருக்கும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

உடல் குறை உள்ளவர்களுக்காக வாதாடும் ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போனேன். சட்டம் என் பக்கம் என்றாள் அவள். அங்கிளுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அவர் பயந்து சமாதானத்துக்கு வந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று வக்கீல் கேட்டாள். சனிக்கிழமை மத்தியானம் கடை நிறைந்திருக்கும் நேரத்தில் அவர் தமிழில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "தமிழில் மொழிபெயர்த்து ஒரு காப்பி வேண்டுமா?" என்றாள். "காப்பி வேண்டாம், எல்லார் காதிலும் விழ வேண்டும்" என்றேன். அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. நஷ்டஈடு கேள் என்றாள். நான் வீட்டுக்குப் போய், அவர் படிக்க வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை எண்பது பேராவது இருந்திருப்பார்கள். நான் மேசைகளுக்கு நடுவே நின்றேன். டெய்சி முழங்காலில் சாய்ந்து நின்றது. அங்கிள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தாளைப் பிரித்து, முணுமுணுவென்று படித்தார்.

"சத்தமாப் படிங்க அங்கிள்."

என் குரல்தான். எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். பாதியில் கண்ணை ஓடவிட்டு மேலே போனார்.

"ஒரு வரி விட்டுட்டீங்க."

ஆன்ட்டி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிள் அந்த வரியைப் படித்தார்: "இவரது நோயைப் பற்றி ஊருக்குப் போன் செய்து, இவர் தங்கையின் திருமணத்தைக் கெடுத்தது என் குடும்பம்." படித்து முடித்ததும் தாள் அவர் கையில் ஆடியது. அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து ரவா தோசை கேட்டேன், கடைசித் துண்டுவரை நிதானமாகச் சாப்பிட்டேன்.

உமாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ அங்க ஜெயிச்சுட்டக்கா. இங்க நாந்தான தெருவுல நடக்கணும்" என்றாள். அதன்பிறகு தமிழ் வீடுகள் எதிலிருந்தும் எனக்கு அழைப்பு வரவில்லை. செய்தது தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு முறை வாய்த்தால் ஆன்ட்டியையும் படிக்க வைப்பேன்.

போன மாதம் உமாவுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. வீட்டில் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நாயோடு வரவேண்டாம் என்றார்கள். நான் ஈரோட்டுக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று டெய்சியோடு ஐந்து மணிநேரம் காரோட்டிப் பேர்லேண்டில் நம்மவர்கள் கட்டிய கோயிலுக்குப் போனேன். கடைகளையெல்லாம் திறந்துவிட்ட சட்டம் கோயிலுக்குச் செல்லாது. செல்லுபடியாகியிருந்தாலும் நாயோடு உள்ளே விடும்படி கேட்டிருக்கமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பார்க்கிங்கின் சுடுகிற சிமெண்டில் நின்று கும்பிட்டேன். கூட்டத்தில் என் முதுகைக் காப்பதற்காக டெய்சியைத் திரும்பி நிற்கப் பழக்கியிருந்தார்கள். நான் கோபுரத்தைப் பார்த்து நின்றேன். அது எனக்குப் பின்னால் காலை ஒட்டி, சாலையில் போகும் கார்களைப் பார்த்து நின்றது.