எழுதாமல் விட்ட நிபந்தனை

புதூர்நாட்டில் எங்கள் அப்பாவின் மாவு மில்லை விற்பதற்கான முதல் ஒப்பந்தத்தை எழுதியது நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, வக்கீல் தோரணையில் அந்த வேலையில் இறங்கினேன்.

மாவுத் தூசியால் அப்பாவுக்கு இரண்டு வருடமாக இருமல். மில்லை விட்டே ஆக வேண்டும் என்று திருப்பத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் அதையே சொன்னாள். எனக்குத்தான் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மில்காரர் பெண் என்றால் பள்ளிக்கூடத்தில் தனி மரியாதை. தவிர, தூசியால் வந்த இருமல் தூசி போனால் போய்விடும், ஆறு மாதம் ஓய்வெடுத்துவிட்டு அப்பா வேறு மில் போட்டுவிடுவார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

வாங்க வந்தவர், வாணியம்பாடியிலிருந்து எங்கள் மலைக்குப் புளி எடுக்க வரும் பாய். பத்திரத்தைப் பிறகு கீழே போய்ப் பதிந்துகொள்ளலாம், இப்போதைக்குப் பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம் என்றார். அதைப் போனில் படம் எடுத்துத் தன் மச்சானுக்கு அனுப்பி, அவர் சரி என்றதும் கையெழுத்து. மச்சான் இந்த மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரராம்.

மில் வாசலில் கோணிமேல் உட்கார்ந்து, என் நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதினேன். மோட்டார், இரண்டு மெஷின், தராசு, கரண்ட் இணைப்பு எல்லாம் பாய்க்கு. பத்திரம் பதியும்வரை அப்பா வேறு யாரிடமும் விலை பேசக் கூடாது. அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். சாவு விழுந்த வீட்டிலிருந்து வரும் சாமைக்குக் கூலி வாங்கக் கூடாது, மில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்றார். பாய் உடனே ஒத்துக்கொண்டார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்.

"நீங்க இந்தப் பக்கம் இன்னொரு மில் போடக் கூடாதுங்க. ஜனங்க உங்க பின்னாலயே வந்துடுவாங்க. அப்புறம் நான் இன்னா பண்றது?"

"போட மாட்டேன் பாய். எழுதிக்கோ பாப்பா" என்றார் அப்பா.

நான் தலையாட்டினேன், எழுதவில்லை. பேனா ஓடுவதுபோல் தெரியட்டும் என்று தேதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

எங்கள் ஊரில் தண்ணீர்த்தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். மூவரும் ஏறினோம். அந்தச் சின்ன மேட்டில் அப்பா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. விட்டதைப் பாய் கண்டுபிடித்துவிடுவாரோ என்று தாளை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

கண்டுபிடித்துவிட்டார். படம் எடுப்பதற்கு முன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தவர், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு வுட்டுட்டியேம்மா."

கீழே பாறையில் அப்பா இருமுவது கேட்டது. பாய் அந்தப் பக்கம் திரும்பி, அப்பா இருமி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கேட்பார் என்று நினைத்தேன்.

"சரி, வுடு. அது வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.

மச்சான் சரி என்றதும், அப்பா பாறையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். அவ்வளவு பெரிய வியாபாரியையே மடக்கிவிட்ட பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மில்லுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சரிவில் முன்னால் ஓடினேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன். பாய் அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அடி அடியாக இறங்கிக்கொண்டிருந்தார். வியாபாரம் படிந்த சந்தோஷத்தில் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.