உடைந்த பிஸ்கட் கிடைக்காதவள்

எங்கள் கடைக்குட்டித் தங்கைக்கு வீட்டில் 'கஞ்சி' என்றுதான் பெயர். அவள் பிறப்பதற்குள் அப்பா வேலை பார்த்த பிஸ்கட் ஆலையை மூடிவிட்டார்கள்.

அடடா, அந்த ஆலை ஓடிய காலம்! அப்பாவின் சட்டையே வெண்ணெயும் சர்க்கரையுமாக மணக்கும். உடைந்த பிஸ்கட்டையெல்லாம் தொழிலாளிகளுக்குச் சும்மா அள்ளிக் கொடுப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா மூட்டையோடு தெருமுனையில் திரும்பினால் போதும், தெருப்பிள்ளைகள் பட்டாளமே எங்கள் வாசலில் மொய்க்கும். அக்கா, நான், தம்பி மூவருக்கும் பல் முளைக்கும் முன்பே அம்மா அதைத் தூளாக்கி, சூடான பாலில் குழைத்து ஊட்டினாள். வளர்ந்த பிறகும் காலையில் அதுதான், பள்ளிக்கூடப் பையிலும் அதுதான். நாங்கள் கொழுகொழுவென்று இருப்போம். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது.

கடைக்குட்டிக்கு வாய்த்ததோ உப்புப் போட்ட கஞ்சியும் அவித்த பயறும். "பாவம், இதுக்கு எதுவுமே குடுத்து வைக்கல" என்று அம்மா அடிக்கடி மூக்கைச் சிந்துவாள். இவளோ கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு விளையாட ஓடிவிடுவாள். வளர்ந்த பின் சலவைக்கடையில் இஸ்திரி போடப் போனாள். நாள் முழுக்க நின்றாலும் கால் வலி என்று ஒருநாள் சொன்னதில்லை.

நாற்பதைத் தாண்டுவதற்குள் எங்கள் மூவருக்கும் வரிசையாகச் சர்க்கரை நோய் வந்தது. அக்காவுக்குச் சிறுநீரகமே போய்விட்டது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். நானும் தம்பியும் முந்திக்கொண்டு போனோம். சர்க்கரைக்காரர்களிடம் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

டாக்டர் எங்கள் சின்ன வயதுச் சாப்பாட்டை விசாரித்தார். நான் பெருமையாகவே சொன்னேன். அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் முதல் இரண்டு வயதில் உடம்புக்குப் பழக்கிய இனிப்பு, ஆயுசு முழுக்கத் தொந்தரவு தரக்கூடுமாம். சர்க்கரை இல்லாதவர் வீட்டில் யாருமே இல்லையா என்று கேட்டார்.

கஞ்சிக்கு எல்லாப் பரிசோதனையும் பொருந்தியது. அக்காதான் மாட்டவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"உனக்குன்னு நாங்க எதையுமே மிச்சம் வைக்கலையேடி. எந்த முகத்தோட உங்கிட்ட வாங்குவேன்?"

கஞ்சி கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீங்க மிச்சம் வைக்காததாலதான்க்கா எங்கிட்ட இது மிச்சமிருக்கு. பேசாம வாங்கிக்கோ."

அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.