கேமராவுக்கு இடது பக்கம்

கதாநாயகி காதலைச் சொல்கிற காட்சியில் அவள் கண் நாயகன் முகத்தில் நிற்காமல் ஒரு முழம் தள்ளிப் போய்த் திரும்புகிறதா? நாணம் என்று நினைத்திருப்பீர்கள். நாணமாவது ஒன்றாவது. அந்த ஒரு முழத்தில் ருத்ரமூர்த்தி நின்றுகொண்டிருப்பார்.

அவருடைய வேலை வசனம் எடுத்துக் கொடுப்பது. மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கன்னடப் படவுலகமான காந்திநகருக்கு வந்து இறங்கும் நாயகிகளுக்கு வணக்கம் சொல்வதற்கு மேல் கன்னடம் தெரியாது. கேமராவுக்கு இடது பக்கம், லென்ஸிலிருந்து ஒரு கை தூரத்தில், ருத்ரமூர்த்தி காகிதத்தோடு நிற்பார். அவர் பாதி வரி சொல்வார். அவள் அதைச் சொல்லிவிட்டு மீதிக்காக அவரைப் பார்ப்பாள். காதல், ஊடல், சாவு எல்லாமே இப்படிப் பாதிப் பாதியாக நடந்து முடியும். பிறகு டப்பிங்கில் வேறொரு பெண் வந்து சுத்தமாகப் பேசிக் கொடுத்துவிட்டுப் போவாள். ருத்ரமூர்த்தியின் குரல் எந்தப் படத்திலும் கிடையாது.

வரிகளை அவர் ஏற்ற இறக்கமே இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி சொல்வார். தான் உணர்ச்சி காட்டினால் அவள் அதையே கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிவிடுவாள் என்று தொழிலில் கற்றுக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் இப்படிப் போயிற்று. அழகான பெண்கள் எத்தனையோ பேர் கண்ணில் நீர் தளும்ப, உதடு துடிக்க அவரைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த பாதி வரிக்காகத்தான்.

ஸ்ரீராமபுரத்து மாடி அறைக்குத் திரும்பினால் ஏறிட்டுப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு முறை அரசிகெரேயில் பெண் பார்க்கப் போனார்கள். இவருடைய மாமா, அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டார். பெண் கூச்சத்தில் தயங்கினாள். தயங்கிய முகத்தைக் கண்டதும் இவர் வாய் சும்மா இருக்கவில்லை. “என் பேரு சுமங்கலா” என்று எதிரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்கும் இவர்தான், “ரொட்டி, பல்யா எல்லாம் தெரியும்” என்று மெல்லச் சொன்னார். பெண்ணின் சித்தி வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “பொண்ணு பேச்சையும் மாப்பிள்ளையே பேசிட்டா அந்த வீட்டுல எங்க பொண்ணுக்கு என்னய்யா வேலை?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு சரி. அதன் பிறகு யாரும் பெண் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

திப்டூரில் தங்கை இருக்கிறாள். கௌரி பண்டிகைக்கு இவர் முறத்தில் பாகினச் சீர் வைத்து அனுப்புவார், அவள் போன் செய்வாள். “தனியா இருக்கியேண்ணா, இங்கயே வந்துடேன்” என்பாள். “தனியா எங்க இருக்கேன், நூறு பேரோட இல்ல வேலை செய்யறேன்” என்பார். அவளும் நம்பவில்லை, இவரும் அவள் நம்புவாள் என்று சொல்லவில்லை.

ஓட்டலில் பை-டூ காபி சொல்வார், ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்துக் கொடுப்பது. “இன்னொருத்தர் எங்க சார்?” என்று பரிமாறுகிறவர் தெரிந்துகொண்டே கேட்பார். “வருவாங்க, வைப்பா” என்று இரண்டு தம்ளரையும் வாங்கி, ஒன்றைக் குடித்துவிட்டு ஆறிப்போன மற்றதையும் அவரே குடிப்பார்.

படம் வெளியானால் வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் போய்விடுவார். திரைக்கு நேராக உட்கார மாட்டார். இடது ஓரத்தில்தான் டிக்கெட் வாங்குவார். நடுவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தப்பிப் போகிற பார்வை அந்த ஓரத்துக்கு நேராக வரும். நாயகி அவரைப் பார்த்து, “உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா” என்பாள். ருத்ரமூர்த்தியின் உதடு அசையும். அதைப் பைத்தியக்காரத்தனம் என்றால் அவரே ஒப்புக்கொள்வார்.

இப்படி இருந்தவரைத்தான் திவாகர் ஹெகடே கூப்பிட்டார். சிர்சிப் பக்கத்து ஆள், நாடகத்திலிருந்து வந்த டைரக்டர். எண்ணி நாலே படம் எடுத்திருக்கிறார். நடிப்பு சரியில்லை என்றால் ஒரு நாள் முழுக்க ஒரே ஷாட்டை எடுப்பார், சாப்பாட்டுக்கும் விட மாட்டார்.

“ருத்ரண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம படங்கள்ல நடிப்பு செத்துப்போனதுக்கு நீங்களும் ஒரு காரணம்” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“நான் பாதிதான் சார் கொன்னேன். மீதியை அவங்கதான் சொன்னாங்க.”

ஹெகடே சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். தயாரிப்பாளர் அடம்பிடித்து மானசி தேவ்தர் என்று புணேயிலிருந்து ஒரு நடிகையைப் போட்டுவிட்டார். கொப்பாவில் ஒரு பாக்குத் தோட்டத்து வீட்டில் படப்பிடிப்பு. குரலை அங்கேயே பதிவு செய்வார்கள், டப்பிங் கிடையாது. அவள் வாயாலேயே பேசியாக வேண்டும்.

“பத்து நாள் குடுக்கறேன். வசனம் முழுக்க அவ மண்டைக்குள்ள போயிருக்கணும். ஷாட் நடக்கறப்ப நீங்க வாயைத் திறக்கக் கூடாது. உங்க குரல் விழுந்தா போச்சு. அதைவிட, அவ கண்ணு உங்ககிட்ட வந்தா போச்சு. பத்தாம் நாள் பெரிய சீன். அதுல தடுமாறினான்னா தார்வாட் நாடகக் குழுவிலேருந்து வேற பொண்ணு வரும். தயாரிப்பாளர் தலைகீழா நின்னாலும் சரி.”

அவள் தேறினால் இவருக்கு அங்கே வேலை இல்லை. தேறாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. தன்னை ஒருத்தி பார்க்காமல் இருக்கும்படி செய்வதற்குத் தன்னையே கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது ருத்ரமூர்த்திக்குப் புரிந்தது. டைரக்டர் சொன்னது நியாயம் என்பதும் புரிந்தது. நியாயமாக இருந்ததுதான் அவருக்கு வருத்தம்.

மானசி முதல் நாளே அவரைக் கிண்டல் செய்தாள். இந்தியும் அரைகுறைக் கன்னடமும் கலந்து பேசுவாள்.

“அண்ணா, வீடு தீப்பிடிச்சாலும் இப்படியேதான் சொல்வீங்களா? ‘தீ. பிடிச்சிருக்கு. ஓடுங்க.’”

“என் வேலை சொல்றதும்மா. ஓடறது உங்க வேலை.”

கொப்பாவுக்கு வந்து அவள் முதலில் கற்றுக்கொண்டது பை-டூ என்பதைத்தான். காலையில் பாக்குக் காயப்போட்ட முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காபியைப் பிரித்துக் குடித்தபடி வசனம் படிப்பார்கள். இரண்டாவது தம்ளர் சூடாக இருக்கும்போதே இன்னொருவர் அதைக் குடிப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. ஒளிப்பானேன், ஐந்து மணிக்கே எழுந்து சவரம் செய்துகொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.

பெரிய சீன் இதுதான். கணவன் விட்டுவிட்டுப் போன வீட்டில் அவள் இருக்கிறாள். பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்திருக்கிறான். அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். நாலு நிமிஷம், ஒரே ஷாட். நடுவில் ஒரு வரி வரும். “இந்த வீட்டுல நான் தனியா இல்லண்ணா.” எல்லா வரியும் ஏறியது. இது மட்டும் அவளுக்கு நழுவிக்கொண்டே இருந்தது.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று ஏழாம் நாள் கேட்டாள்.

ருத்ரமூர்த்தி திகைத்துவிட்டார். எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அர்த்தம் யாரும் கேட்டதில்லை. சொன்னார்.

“ஆனா அவ தனியாத்தானே இருக்கா? பொய் சொல்றாளா?”

“அதெல்லாம் டைரக்டரைக் கேளுங்கம்மா. நான் எடுத்துக் குடுக்கிறவன்” என்றார். காபியைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்த பிறகு, “தனியா இருக்கறவங்க அப்படித்தான் சொல்வாங்க. என் தங்கச்சி கேட்டா நானும் அதான் சொல்றேன்” என்றார்.

அவள் அதன் பிறகு அந்த வரியைக் கிண்டலாகச் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள் காலை ஒத்திகையில் அவர் பழக்கதோஷத்தில் தன் இடத்துக்கே போய் நின்றார். காகிதம் இல்லை, வாயும் திறக்கவில்லை. பாதியில் ஹெகடே கையைத் தூக்கினார்.

“ருத்ரண்ணா, உங்க உதடு அசையுது. அவ அதைப் படிக்கிறா.”

“இனிமே அசைக்கல சார்.”

“உங்களால முடியாது. வீட்டுக்குப் பின்னாடி போயிடுங்க.”

நாற்பது பேர் முன்னால் சொன்னார். ருத்ரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் வீட்டுக்காரப் பெண் நாகவேணி பாக்கைக் கிளறுகிற கோலோடு நின்றிருந்தாள். சத்தம் வரக் கூடாது என்று அவளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. இலை போடுகிற சத்தம் கேட்டது. அண்ணனாக நடித்தவரின் இருமல் கேட்டது. பிறகு மானசியின் குரல், தட்டுத் தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது. நல்லாத்தான் பேசறா என்று நினைத்தார். பெருமையாக இருந்தது.

அந்த இடம் வந்தது. குரல் நின்றது.

மூச்சு விடுகிற இடம் எது, மறந்துபோகிற இடம் எது என்று அவருக்குத் தெரியும். இது மறதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே எண்ணினார். ‘இந்த வீட்டுல’ என்ற பாதி வரி அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜன்னல் பத்தடிதான். முணுமுணுத்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். மைக்கும் பிடித்துக்கொள்ளும். நாலு, ஐந்து. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். நாகவேணி பயந்துபோய் அவரையே பார்த்தாள். ஆறு. ஏழு.

“இந்த வீட்டுல நான் தனியா இல்லண்ணா” என்றது உள்ளே ஒரு குரல். பத்து நாளில் ஒரு தடவைகூட அவள் அவ்வளவு தாழ்த்திச் சொன்னதில்லை. மிச்ச வசனமும் வந்தது. பிறகு ஹெகடே, “கட், ஓகே” என்றார். இன்னொரு முறை எடுக்கவில்லை.

துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே போனார். மானசி படியில் உட்கார்ந்திருந்தாள்.

“மறந்துட்டேண்ணா. எல்லாம் போச்சு.”

“அதான் வந்துடுச்சேம்மா” என்றார்.

போச்சா வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ஹெகடே மானிட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தார்வாடிலிருந்து யாரும் வரவில்லை, அது போதும் என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் வந்து, “உங்க வேலை முடிஞ்சுது சார், பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடச் சொல்லியிருக்கேன்” என்றார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் அவள் அடுத்த ஷாட்டில் இருந்தாள். எதிரில் இருந்தவர் முகத்தை விட்டு அவள் கண் அசையவே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. நடுவில் அவர் இரண்டு டெல்லிப் பெண்களுக்கும் ஒரு கொல்கத்தாப் பெண்ணுக்கும் பாதிப் பாதியாக வரி கொடுத்திருந்தார். காந்திநகருக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை கெம்பேகௌடா சாலைத் தியேட்டரில், பழக்கப்படி இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஒன்றேகால் மணி நேரம் அவளுடைய ஒரு பார்வைகூட அவர் பக்கம் வரவில்லை. கிணற்றைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அவர் எடுத்துக் கொடுத்த வரிகள்தான், ஆனால் அவருடையதாக ஒன்றும் மிச்சம் இல்லை. நடிப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது, இத்தனை வருஷமாக இதற்குக் குறுக்கே நின்றிருக்கிறோம் என்று நினைத்தார். தியேட்டர் நிறைய ஆட்கள் இருந்தும், யாரோ எழுந்து போய்விட்ட வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சீன் வந்தது. இலை போட்டாள், சோறு வைத்தாள், பேசினாள், நின்றாள். கையில் சாற்றுக் கரண்டி அப்படியே இருக்க, அவள் கண் அண்ணன் முகத்தை விட்டு மெல்லத் திரும்பியது. கேமராவுக்கு இடது பக்கம், ஒரு கை தூரம். வழக்கமாக ஆள் இருக்கிற இடம். அங்கே யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் கண் அங்கேயே நின்றது. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. ருத்ரமூர்த்தி தன்னை அறியாமல் எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. கண்ணைத் தரைக்கு இறக்கி, “இந்த வீட்டுல நான் தனியா இல்லண்ணா” என்றாள்.

முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள்.

அவள் தேடியது வரியைத்தான் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக எல்லோரும் தேடியது அதைத்தான். ஆனால் அத்தனை பேர் தேடியபோதும் அவர் அங்கே நின்றிருந்தார். தான் இல்லாவிட்டால் ஒரு முகம் எப்படி ஆகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

படம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு கல்லூரிப் பையன்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

“அந்தப் பார்வையை டைரக்டர் அவகிட்டேருந்து எப்படிடா வாங்கினாரு?”

“புருஷன் எப்பவும் உட்காருற எடமாம்டா அது. அங்க பாருன்னு சொன்னாராம். பேட்டியில சொல்லியிருக்காரு.”

ருத்ரமூர்த்தியின் வாய் திறந்தது. எடுத்துக் கொடுக்க வார்த்தை இருந்தது. மூடிக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரை நடந்தவர், திரும்பி வந்து மதியக் காட்சிக்கு வரிசையில் நின்றார்.

டிக்கெட் கொடுப்பவருக்கு அவரை வருஷக்கணக்காகத் தெரியும். “இப்பத்தானே சார் பார்த்துட்டு வந்தீங்க? மறுபடியும் இதே படமா?”

“ஆமாப்பா.”

“இப்பவாவது நடுவுல குடுக்கட்டுமா? நல்ல சீட்டு இருக்கு.”

“வேண்டாம். இடது ஓரத்துலயே குடு” என்றார். “அந்த எடம் காலியா இருக்கக் கூடாது.”