கோவிலம்பாக்கத்தில் வாங்கிய கார்டுப் பெட்டியும் கோவளத்தில் விட்டுவந்த ஐந்து புளியங்கொட்டையும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு போன். ஆவணி மாதத்து வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஸ்டெல்லா அழைத்தார். என் நண்பன் அருள்தாஸின் மனைவி. "அண்ணா, திங்கக்கெழமக்குள்ள ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த மனுசன் போடமாட்டேன்னு குந்திகினுகீது. நீங்க வந்து பேசுங்கண்ணா. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே" என்றார்.

அருளின் குரல்வளையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான், பேச்சு போய்விடும். பிற்பாடு கருவி வைத்துப் பழகினால் ஓரளவு பேசலாம், அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்றும் டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். எடுக்காவிட்டால் எத்தனை மாதம் என்பதையும் சொல்லியிருந்தார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நான் யார் என்று என் பயணக் குறிப்புகளுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூர்வாசி, வயது ஐம்பத்து மூன்று, பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுபவன். குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா, கோயில் திருவிழா என்று எங்கே மைக் கட்டினாலும் பட்டிமன்றத்தில் ஏறிவிடுவேன். அருள் கோவளம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவன். அவனுக்கு மைக்கே வேண்டாம். பத்தொன்பது வருடமாக எதிரெதிர் அணியில் பேசியிருக்கிறோம். சம்பாத்தியமா சேமிப்பா, மாமியாரா மருமகளா, எதுவானாலும் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கைதட்டல் எனக்குத்தான் அதிகம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். வீட்டில் இருப்பவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. கேட்பதுமில்லை.

ஸ்டெல்லாவின் போனை வைத்தபின் ராத்திரி வரை பேச்சுத் தயாரித்தேன். மூன்று நகைச்சுவை, இரண்டு உருக்கம், ஒரு முத்தாய்ப்பு. வெள்ளிக்கிழமை அதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. அப்போதுதான் அலுவலகத்தில் ஒருவர் சொன்ன விஷயம் நினைவுக்கு வந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒரு பெண், சண்டையே இல்லாத கார்டு விளையாட்டு ஒன்றைத் தானே செய்து, சனிக்கிழமைதோறும் மொட்டைமாடியில் ஆடவைக்கிறாளாம். வாதம் பண்ணி, எதிராளியைச் சம்மதிக்க வைத்து ஜெயிக்க வேண்டுமாம். ஏதாவது உத்தி கிடைக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு பத்துக்கு வீட்டை விட்டு இறங்கினேன். கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் பிடித்து மேடவாக்கம் கூட்ரோடு, பத்துப் பதினோரு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், காலை நெரிசலில் ஐம்பது நிமிடம். பாதி வழியில் மனைவி போன் செய்ய, அருளின் நோயிலிருந்து என் திட்டம் வரை விளக்கினேன். எனக்குச் சின்னக் குரலில் பேசத் தெரியாது. மேடையில் பழகிய தொண்டை, ரகசியத்தைக்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லும். போனை வைத்ததும் கண்டக்டர் வந்தார்.

"சார், உங்க ஃப்ரெண்டு ஆபரேஷன் மேட்டர் பின்சீட்டு வரைக்கும் தெரிஞ்சிபோச்சி. நல்லாயிடுவாரு, கவலப்படாத. டிக்கெட் எடுத்தியா இல்லியா, அத மட்டும் மெதுவா சொல்லு."

கூட்ரோட்டிலிருந்து கோவிலம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ, நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஒன்பதரைக்கு மூன்றாவது மாடி ஏறி மூச்சிரைக்க நின்றேன். அந்தப் பெண்ணின் பெயர் நித்யா. கணினி நிறுவனத்தில் வேலை, வயது இருபத்தெட்டு இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே நாலு மேஜை, பத்துப் பேர். தலைக்கு நூறு ரூபாய், சுண்டலும் டீயும் அதிலேயே அடக்கம்.

விளையாட்டின் பெயர் 'தலையாட்டு'. பெட்டியில் அறுபது கார்டு. வாள் இல்லை, அரக்கன் இல்லை. ஆதாரம், அனுபவம், கேள்வி, கெஞ்சல், கிண்டல், மௌனம் என்று ஆறு வகை. ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை. எதிராளியிடமிருந்து கொட்டையை யாரும் பிடுங்க முடியாது. வாதம் மனதில் பட்டால் அவரே எடுத்துக் கொடுக்க வேண்டும், சுற்றுக்கு ஒன்று. இன்னொரு விதிதான் முக்கியம். நீங்கள் கார்டு போடுவதற்கு முன்னால், எதிராளி கடைசியாகச் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் தலையாட்டினால்தான் உங்கள் முறை. ஆட்டாவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். எதிராளி சொல்லாமல் விட்டதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம், சரியாக இருந்தால்.

என்னோடு நித்யாவே உட்கார்ந்தாள். ஊருக்குப் பாலம் வேண்டுமா, படகே போதுமா என்பது தலைப்பு. எனக்குப் பாலம். கிண்டல் கார்டை வீசி ஐந்து நிமிடம் பொளந்து கட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். நித்யா ஒரு கொட்டையைக்கூட அசைக்கவில்லை.

"அங்கிள், செமயா பேசறீங்க. ஆனா நீங்க என்னப் பாத்துப் பேசல, அவங்களப் பாத்துப் பேசறீங்க. கொட்ட என்கிட்டதான இருக்கு?"

அப்புறம் அவள் படகுக்காகப் பேசினாள். சுருக்கமாகத்தான் பேசினாள். "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒரு வரியும் நினைவில்லை. அவள் பேசிய நேரம் முழுக்க, அடுத்து எதைச் சொன்னால் கூட்டம் சிரிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன். நானூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு பன்னிரண்டேகாலுக்குப் படி இறங்கினேன்.

அங்கிருந்து கோவளம் போகிறவர்களுக்கு: மேடவாக்கம் திரும்பி சோழிங்கநல்லூர் பஸ், ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே மாமல்லபுரம் பக்கம் போகும் பஸ்ஸில் பதினாறு கிலோமீட்டர். எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய்க்குள் முடிந்தது. வழியில் சாப்பிட்டுவிடுங்கள். நான் சாப்பிடவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அருள் பேசியவற்றில் எதையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். பத்தொன்பது வருடம், நூறு மேடையாவது இருக்கும். அவன் குரல் காதில் இருந்தது. என்ன சொன்னான் என்பது வரவில்லை.

இரண்டு மணிக்கு இறங்கினேன். ஏலம் முடிந்து படகுகள் மணலில் கிடந்தன. அருள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா சேகரு, பொட்டியத் தூக்கினு வந்துகீற? அல்வாவா?"

துருப்பிடித்த கப்பியில் கயிறு ஏறுகிற சத்தம். கடல் இரைச்சலை மீறி வஞ்சிரத்துக்கு விலை சொன்ன குரல் அது. சிரித்து வைத்தேன்.

உள்ளே உட்கார்ந்தோம். ஸ்டெல்லா டீ கொண்டுவந்தார். அருள் விரல்முட்டியால் எங்களுக்கு நடுவில் இருந்த முக்காலியை இரண்டு தட்டு தட்டினான். சத்தம் வந்த இடத்தில் அவர் டம்ளரை வைத்தார். ஏலக்காரன் திமிர், பெண்டாட்டியைத் தட்டிக் கூப்பிடுகிறான் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் சமையலறைக்குள் போனதும் பெட்டியைப் பிரித்து விதிகளைச் சொல்லி, தலைப்பையும் சொன்னேன். ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா.

அவன் ஐந்து கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "வோணாம். அவ்ளோதான் என் பேச்சு. ஏன்னு நீயே சொல்லு, பாப்பம்."

"குரல் போனா ஏலத் தொழில் போயிடும். அதனால வேண்டாம்ங்கற."

தலை ஆடவில்லை.

"மேடை போயிடும். பேசிப் பேசியே பேர் வாங்கின ஆளு, பேசாம எப்படி இருக்கறதுன்னு..."

"அது உன் பயம்டா. என்னுதில்ல."

மூன்றாவதாக வலியைச் சொன்னேன். அதற்கும் ஆடவில்லை. என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கிண்டல் கார்டு கையில் இருந்தது. போடவில்லை.

"நான் பேசசொல்லோ எல்லாம் அடுத்து நீ இன்னா பேசலாம்னு யோசிச்சிகினு இருப்ப" என்றான் அருள். "பத்தொம்போது வருசமா பாத்துகினுகீறேன். உன் மூஞ்சிலியே தெரியும்." பிறகு குனிந்து என் காதருகே வந்தான். "ஸ்டெல்லாவுக்குக் கண்ணு தெர்லடா. சக்கர வியாதி முழுங்கிடுச்சி. எதுனா நெழலாட்டம் தெரியும், அவ்ளோதான். கண்ணாடி மாத்தணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரியறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினுகீறா. என் கொரல வெச்சிதான் வூட்டுல நடக்கறா. அதான் சும்மா எதுனா பேசிகினே இருப்பேன். அந்தக் கொரலும் பூட்டா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் முறை. நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லையும் விடக்கூடாது என்ற வெறி எனக்கு. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, என் சொந்தத் தொண்டையில் சொன்னேன். "ஸ்டெல்லாவுக்குக் கண் தெரியல. அது உனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. உன் குரல் போயிட்டா அவங்க வீட்டுக்குள்ளயே வழி தெரியாம நிப்பாங்க. அதனால வேண்டாம்ங்கற."

அருள் தலையாட்டினான். அன்றைக்கு முதல் தலையாட்டல். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது.

நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைப்பதற்குள் ஸ்டெல்லா நிலைப்படியில் நின்றார்.

"எத்தினி நாளா தெரியும்?"

"ஈஸ்டர்லேருந்து."

"பாவி. சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

ஸ்டெல்லா சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார், இப்போது மறைக்கவில்லை. "தள்ளுங்கண்ணா, நான் ஆடறேன். ரூலு கேட்டுகினுதான் இருந்தேன்" என்று என் இடத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி அவன் தாடையைத் தேடிப் பிடித்தார். கட்டி இருக்கும் இடத்துக்கு நாலு விரல் மேலே.

"நீ பேசலன்னா நீ எங்க கீறன்னு எனக்குத் தெரியாது. நான் செவுத்தத் தடவிகினு நிப்பேன். அத்தப் பாக்க உன்னால முடியாது. அதுக்குப் பயந்துகினு சாவறேன்ற. அதான?"

அவன் தலை அசைந்தது. அவர் கையும் கூடவே மேலும் கீழும் போய் வந்தது.

"ஆட்டிட்டாரு" என்று எனக்கு அறிவித்தார். "இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ. பேசாத ஆள நான் கையால தேடிப்பேன். இல்லாத ஆள எங்கய்யா போய்த் தேடறது?"

இப்போது அருளின் முறை. அவர் சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். ஸ்டெல்லா கையை எடுக்காமல் காத்திருந்தார்.

"நான் பேசலன்னா... தேடிப்ப" என்றான் கடைசியில். "நான் இல்லன்னா... தேடறதுக்கு எடமே இல்ல."

"ஆங். நல்லாப் பாத்துக்கோ, ஆட்டறேன்" என்று ஸ்டெல்லா தலையாட்டினார்.

அருள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். பிறகு இன்னொன்று. மூன்றாவதும் வைத்தான். சுற்றுக்கு ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். ஐந்தையும் வைத்து அவர் விரல்களை மடக்கிவிட்டான்.

ஐந்தரைக்குக் கேளம்பாக்கம் வழியாகத் தாம்பரம் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஒன்றேகால் மணி நேரம். மனைவி போன் செய்தபோது "வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்து இப்போது ஏழு வாரம். கழுத்தில் துளை, பேச்சில்லை, ஆளிருக்கிறான். இதை எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டு, வாசித்தும் காட்டினேன். "உங்க தொண்டையப் பத்தி இன்னும் நல்லாத் திட்டி எழுதுங்கண்ணா" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நித்யாவின் மாடியில் லிஃப்ட் இல்லை. பத்து மணிக்குள் போனால்தான் மேஜை கிடைக்கும். ஜெயிக்கலாம் என்று போகாதீர்கள். வாயால் பிழைப்பவர்கள், குறிப்பாக மேடை ஏறுபவர்கள், குறைந்தது மூன்று ஆட்டம் தோற்கும் அளவுக்கு நேரம் ஒதுக்குங்கள். மௌனம் கார்டை வீண் என்று நினைத்துக் கீழே போட்டுவிட வேண்டாம், நான் போட்டேன். பெட்டியில் கொட்டை குறைந்தால் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, சமையலறையில் இருப்பதே போதும்.

என் பெட்டியில் ஐந்து குறைகிறது. அவை கோவளத்தில் இருக்கின்றன. போன ஞாயிறு போயிருந்தேன். அருள் வெளியே போயிருந்தான். வாசல் ஜன்னலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது, எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நானும் ஸ்டெல்லாவும் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது டம்ளரில் ஒரு புளியங்கொட்டை விழுந்த சத்தம் கேட்டது. ஸ்டெல்லா பேச்சைப் பாதியில் நிறுத்தி, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "வந்துட்டியா?" என்றார்.

இன்னொரு கொட்டை விழுந்தது.