பருத்தி என்று சொன்னேன்

உருகும் நூலைப் பருத்தி என்று சொல்லி என் தங்கைக்கு உடுத்தக் கொடுத்தவள் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே கொடுத்தேன்!

மருதமுனையில் எங்கள் வீட்டுக்குள் தறி ஓடிய காலம். எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலிருந்து புதுப்புது நூல்கள் வந்து குவிந்தன. நூற்கண்டுகளில் பெயர்ச் சீட்டு இராது. என்ன நூல் என்று அறியத் தெருப் பெண்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஓர் இழையைப் பிய்த்து விளக்குச் சுடரில் காட்டுவேன். பருத்தி, கடதாசி மணத்தோடு எரியும். சாம்பல் விரல் பட்டதும் உதிரும். செயற்கை நூலோ சுடரைக் கண்டதும் சுருங்கி உருகும்; ஆறினால் கறுத்த மணியாய் இறுகும்.

அப்படிப்பட்ட நான், தங்கை ஹபீபாவுக்குப் பெருநாள் சேலை நெய்தபோது மட்டும் கொளுத்திப் பார்க்கவில்லை. அந்த நூலின் மாதுளைச் சிவப்பில் மயங்கிவிட்டேன். பாதிக்கு மேல் நெய்த பிறகே சந்தேகம் வந்தது. ஓர் இழையைக் கொளுத்தினேன். உருகியது...

அறுத்தெறிந்திருக்க வேண்டாமா? பெருநாள் நெருங்கிவிட்டது. நான் ஏமாந்ததைத் தெரு அறியக் கூசினேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றை உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான்... இல்லையே!

ஹபீபா சேலையை மடியில் விரித்துத் தடவினாள்.

"ராத்தா, இது பருத்திதானே? நான் முழு நேரமும் அடுப்படியில நிக்கிறவள்."

"ஓம் புள்ள. அசல் பருத்தி."

பெருநாளன்று அடுப்புத் தீ முந்தானையைப் பற்றியது. உதறினாள்; சேலை கழன்று விழவில்லை. உருகி, இடது தோளிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

உயிர் பிழைத்தாள். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடக்கை மேலே எழவில்லை. அடுத்த வருடம் பிறந்த மகளை ஒற்றைக் கையால்தான் அணைத்தாள்.

"சீலைய ஒதுக்கிக்கொண்டு சமைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று புருஷன் ஏசுவான். அவளோ என்னிடம் வந்து அழுவாள்.

"எண்ட கவலயீனந்தான் ராத்தா. நீங்க ஆசையா நெய்து தந்த சீலையையும் நாசமாக்கிப்போட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டேன். "அழாத புள்ள" என்றேன். எவ்வளவு இரக்கமுள்ள அக்கா, பார்த்தீர்களா!

சில வருடங்களில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தழும்பின் மேல் மீண்டும் மீண்டும் நீர் வார்த்தேன். கூட நின்ற பெண்கள் பாசம் என்று நினைத்தார்கள். பாசமும் இருந்ததுதான்... அதை யார் நம்புவீர்கள்?

அவளுடைய மகளை நானே வளர்த்தேன். ஒரு நாள், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"பெரியம்மா, எங்கட உம்மா கவனமில்லாதவவா? வாப்பா அப்படித்தான் கதைக்கிறார்."

இல்லை என்று ஒரு சொல்... ஒரேயொரு சொல்!

நான் தலைகுனிந்து நின்றேன். என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை மறுபடியும் மீனைக் கழுவத் தொடங்கினாள்.